மெல்ல மிதித்தால் இறங்கும் பெடல்

கார்த்திகைக்கு முந்தின நாள் சாயங்காலம், பள்ளி விட்டுக் காரில் வந்துகொண்டிருந்தேன். திருப்பரங்குன்றம் மேம்பாலத்தின் இறக்கத்தில் வண்டிகள் நகராமல் நின்றன. எனக்கு முன்னால் ஒரு ஷேர் ஆட்டோ. அதன் பின்பக்கத்தில் பூக்கூடையை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தபடி இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். நான் பிரேக்கை மிதித்தபடி நின்றிருந்தேன். வண்டியும் நின்றுதான் இருந்தது. ஆனால் காலுக்கடியில் பெடல் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போய்க்கொண்டிருந்தது. சேற்றில் கால் புதைவது மாதிரி, அவசரமே இல்லாமல் போனது.

வண்டி உருண்டது. பூக்கூடைக்காரப் பெண்களில் ஒருத்தி கையை நீட்டி, "ஏய், ஏய்!" என்று கத்தினாள். ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன். ஆட்டோவை உரசப்போகிற தூரத்தில் வண்டி நின்றது. பெடலை விட்டு மறுபடி மிதித்தேன். ஒன்றுமே நடக்காதது போல் மேலே, கெட்டியாக நின்றது.

என் கார் பழையது. என் மகள் பால்வாடிக்குப் போன காலத்தில் வாங்கியது. இப்போது அவளுக்குக் கல்யாணமாகிவிட்டது. வீட்டில் ஓட்டுவது நான் மட்டும்தான். நான் ஒரு மிஷன் பெண்கள் பள்ளியில் இயற்பியல் ஆசிரியை. என் கணவர் கூட்டுறவுச் சங்கத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்கு ஸ்டியரிங்கைப் பிடித்தாலே கை வியர்க்கும். அதில் எங்கள் இருவருக்கும் ஒரு குறையும் இல்லை. குறை எல்லாம் ஊருக்குத்தான்.

மறுநாள் காலை இருவருமாக அவனியாபுரத்தில் நாங்கள் வழக்கமாகப் போகும் ஷெட்டுக்குப் போனோம். ரிங் ரோட்டைத் தவிர்த்து, ஒரு கையை ஹேண்ட் பிரேக்கிலேயே வைத்துக்கொண்டு ஊர்ந்து போனேன். நடந்ததை மெக்கானிக்கிடம் விவரமாகச் சொன்னேன். அவர் என் கணவரைப் பார்த்துக் கேட்டார்.

"வண்டிய யாரு சார் ஓட்டுறது?"

"அவங்கதான்."

"அதான பாத்தேன்."

உள்ளே உட்கார்ந்து, பிரேக்கை ஓங்கி ஒரு மிதி மிதித்தார். "கல்லு மாதிரி நிக்கிது சார். லைன்ல லேசா ஏர் இருக்கும். எடுத்துவிட்டா சரியாப்போகும்." குழாய்க்குள் புகுந்த காற்றை வெளியேற்றிக் கொடுத்தார். மூன்றாம் நாளே மாட்டுத்தாவணி சிக்னலில் பெடல் மறுபடி இறங்கியது. திரும்பப் போனோம். இந்த முறை சக்கரத்தைக் கவ்வும் பிரேக் பேட் தேய்ந்திருக்கிறது என்றார். மாற்றினார். அதற்குப் பிறகும் இறங்கியது.

அடுத்த தடவை போனபோது அவருக்கும் அலுத்துவிட்டது.

"டீச்சர், இஞ்சின் ஓடும்போது பெடல் லேசா இறங்கத்தான் செய்யும். எல்லா வண்டியிலயும் உள்ளதுதான். உங்களுக்குப் பயம் புடிச்சிருச்சு. பொம்பளைங்க மிதிக்கிறதும் பூ மேல கால வைக்கிற மாதிரி இருக்கும். நல்லா அழுத்தி மிதிங்க, அம்புட்டுதேன்."

ஷெட்டில் இருந்தவர்கள் சிரித்தார்கள். என் கணவர் சிரிக்கவில்லை. பதில் சொல்வதற்குக் கையில் சான்று வேண்டும் என்று நினைத்தேன்.

விஷயம் எப்படியோ காதுக்கு எட்டி, அன்று மாலையே என் தம்பி போனில் வந்துவிட்டான். அவன் செல்லூரில் ஜவுளி வியாபாரம் செய்கிறான்.

"அக்கா, அந்த ஓட்ட வண்டிய தள்ளி விட்டுரு. ஆள் கூட பாத்து வச்சிருக்கேன். இந்த வயசுல ஆட்டோவுல போய்ட்டு வா. மாமாவும் நிம்மதியா இருப்பாரு."

"உன் மாமா நிம்மதியாத்தான் இருக்காரு. வண்டி உன் பேர்லயா இருக்கு?"

அவன் வைத்துவிட்டான். எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. பயம் என்று சொல்லிவிட்டால், அதற்கு மேல் யாரும் வண்டியைப் பார்க்க வேண்டியதில்லை அல்லவா? இறங்கியது பெடல். பழுது பார்க்கச் சொன்னது என்னை.

சனிக்கிழமை, சமதளமான எங்கள் வாசலில் சக்கரங்களுக்குக் கல் அண்டை கொடுத்துவிட்டு உட்கார்ந்தேன். இஞ்சினை அணைத்து, பெடல் விறைப்பாகும் வரை சில முறை மிதித்தேன். பிறகு காலை அதன் மேல் வைத்துக்கொண்டு வண்டியை ஸ்டார்ட் செய்தேன். பெடல் ஒரு விரற்கடை இறங்கி நின்றது. மெக்கானிக் சொன்ன இறக்கம் இதுதான். அது சரியான இறக்கம். ஒரு தடவை இறங்கி நின்றுவிடும்.

அதற்குப் பிறகு, ஓங்கி மிதித்தேன். நின்றது. எவ்வளவு நேரம் அழுத்தினாலும் அசையவில்லை. காலை எடுத்துவிட்டு, சிக்னலில் வைத்திருப்பதுபோல மெல்ல வைத்தேன். பெடல் இறங்க ஆரம்பித்தது. இறங்கி, இறங்கி, தரைவிரிப்பைத் தொட்டது.

மறுபடி ஓங்கி. நின்றது. மறுபடி மெல்ல. இறங்கியது.

"ஏங்க, இங்க வாங்களேன்!" என்று நான் கத்தியதில் எதிர்வீட்டு நாய் எழுந்து நின்றது.

காற்று இருந்தால் பஞ்சை மிதிப்பதுபோல் முதலிலேயே அமுங்கும். இது அப்படி இல்லை. வெளியே ஒழுகினால் டப்பாவில் பிரேக் ஆயில் குறைய வேண்டும். வாரக்கணக்கில் அது அளவுக்கோட்டிலேயே நிற்கிறது. நான்கு சக்கரங்களின் உள்பக்கமும் உலர்ந்திருக்கிறது. அப்படியானால் ஆயில் வெளியே போகவில்லை, உள்ளுக்குள்ளேயே பின்னால் நழுவுகிறது. காலின் அழுத்தத்தைச் சக்கரங்களுக்கு அனுப்பும் மாஸ்டர் சிலிண்டருக்குள், ஆயிலைத் தள்ளும் ரப்பர் வாஷரின் விளிம்பு தேய்ந்திருக்கிறது. ஓங்கி மிதித்தால் அந்த அழுத்தமே விளிம்பை விரித்துச் சுவரோடு ஒட்டவைத்துவிடும். மெல்ல மிதிக்கும்போதுதான் ஆயிலுக்கு வழி கிடைக்கும்.

"ஊசி மருந்து ஏத்துற சிரிஞ்சில ரப்பர் தேஞ்சா மருந்து பின்னாடி வருமில்ல, அந்த மாதிரி" என்றேன்.

என் கணவர் பெடலைப் பார்த்தார். "அப்ப அவரு ஓங்கி ஓங்கி மிதிச்சதாலதான் அவருக்குத் தெரியலையா?"

"ஆமா. பூ மேல கால வைக்கிறவளுக்குத்தான் தெரியும்."

திங்கட்கிழமை பள்ளிக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, கணவரோடு ஷெட்டுக்குப் போனேன். மாஸ்டர் சிலிண்டர் என்று நான் சொன்னதும் மெக்கானிக் கையைத் துடைத்தார்.

"டீச்சர், நீங்க பிள்ளைகளுக்குப் பாடம் எடுங்க. நாங்க எங்க வேலையப் பாக்குறோம்."

"பாருங்க தம்பி. அதுக்குத்தான் வந்திருக்கேன். உள்ள உக்காந்து கால வைங்க. மிதிக்காதீங்க, வைங்க."

அவர் என் கணவரைப் பார்த்தார். என் கணவர் ஷெட்டுக்கு எதிரே ஓடும் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வேறு வழியில்லாமல் மெக்கானிக் உட்கார்ந்தார். பழக்கதோஷத்தில் ஓங்கி மிதித்தார்.

"நிக்கிதே."

"எடுங்க. முட்டை மேல வைக்கிற மாதிரி வைங்க. அப்படியே இருங்க."

ஷெட்டில் எல்லோரும் வேலையை விட்டுவிட்டு வந்து நின்றார்கள். அவர் முகத்தில் முதலில் சலிப்பு இருந்தது. பிறகு புருவம் சுருங்கியது. குனிந்து தன் காலையே பார்த்தார். பெடல் தரையைத் தொட்டது.

"குழாயைக் கழட்டிட்டு சிலிண்டர் வாயை போல்ட் போட்டு அடைச்சு மிதிச்சுப் பாருங்க" என்றேன். "அப்பவும் இறங்குச்சுன்னா சக்கரத்துப் பக்கம் ஒரு குத்தமும் இல்ல."

அடைத்துப் பார்த்தார். இறங்கியது. சிலிண்டரைக் கழற்றி அவரே பிரித்தார். வாஷரின் விளிம்பு ஒரு பக்கம் பிசிறடித்துக் கிடந்தது. சுவரிலும் கீறல்.

"வாஷர் மட்டும் மாத்தித் தரவா சார்?" என்று என் கணவரைக் கேட்டார்.

"என்னைக் கேளுங்க" என்றேன். "சுவர் கீறியிருக்கு. புது வாஷரும் அதுல தேயும். முழுசா மாத்துங்க."

"சரிங்க டீச்சர்."

மன்னிப்பு என்று அவர் எதுவும் கேட்கவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. புது சிலிண்டரைப் பொருத்தி, காற்றெடுத்து முடித்ததும், அவர் ஓங்கி மிதிக்கவில்லை. காலை மெல்ல வைத்துவிட்டு நெடுநேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தார். பெடல் நின்றது. எனக்கு அது போதும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பூசை முடிந்து வெளியே வந்தபோது தம்பி, வண்டியைப் பார்க்க ஓர் ஆளைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றிருந்தான். அந்த ஆள் பானெட்டைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"விக்கிறதுக்கு இல்லங்க" என்று அவரிடம் சொன்னேன்.

"சரிக்கா, இந்தத் தடவ சரியாயிருச்சு" என்றான் தம்பி. "நாளைக்கே வேற ஒண்ணு போச்சுன்னா?"

"போனா என்னன்னு பாப்பேன். நீ ஏறு, செல்லூர்ல இறக்கிவிட்டுப் போறேன்."

அவன் அந்த ஆளைப் பார்த்தான், வண்டியைப் பார்த்தான், பிறகு பின்சீட்டில் ஏறினான். அந்த மேம்பாலத்தைத் தாண்டும்வரை முன்சீட்டை இறுகப் பிடித்துக்கொண்டே வந்தான். நான் மெதுவாகத்தான் ஓட்டினேன். பின்னால் வந்த பஸ் விடாமல் ஹாரன் அடித்தது. அடிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.