வெள்ளிக்கிழமை ஆறரை மணி

நோட்டீஸ் அடித்து ஊர் முழுக்கக் கொடுத்தாகிவிட்டது. வெள்ளி மாலை ஆறரைக்குத் தொடக்க விழா; குத்துவிளக்கு ஏற்றுபவர் கொச்சியிலிருந்து வரும் ரேச்சல் அம்மா. காலையில் ரயிலிறங்கி லாட்ஜுக்கு வந்த பிறகுதான் அவர் அந்த நோட்டீஸைப் பார்த்தார்.

"சார், பொழுது சாய்ஞ்ச பிறகு நான் நெருப்பு பத்த வைக்க மாட்டேனே. நாளைக்குப் பொழுது சாயற வரைக்கும் எங்களுக்கு ஓய்வு நாள். மைக் பிடிக்கிறது, படம் பார்க்கிறதுகூடக் கிடையாது."

அது கார்த்திகை மாதம். ஐந்தே முக்காலுக்கெல்லாம் இருட்டத் தொடங்கிவிடும்.

நான் விருத்தாசலத்தில் ஒரு செராமிக் கம்பெனியில் சூப்பர்வைசர். திரைப்படக் கழகத்துக்குச் செயலாளர். டிவிடியும் வாடகை புரொஜெக்டரும் கிடைக்கத் தொடங்கிய இரண்டாயிரத்துக்குப் பிந்தைய ஆண்டுகள் அவை. ஆண்டுக்கு ஒரு சமூகத்தின் வாழ்க்கையை எடுத்துக்கொண்டு மூன்று நாள் படவிழா நடத்துவோம். அந்த ஆண்டு யூதர்கள்; அதனால்தான் கொச்சி யூதரான ரேச்சல் அம்மாவை அழைத்திருந்தோம். தமிழ் சப்டைட்டில் இருக்காது. வசனத்தை மொழிபெயர்த்து மைக்கில் படிப்பது என் வேலை. நல்ல காரியம் வெள்ளியில் தொடங்கட்டும் என்று நாள் குறித்த மேதாவியும் நானே.

கழகத் தலைவர்தான் எங்கள் முதலாளி. கம்பெனிக்கு ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் அலட்டிக்கொள்ளவே இல்லை.

"அந்தம்மா பக்கத்துல நின்னா போதும்யா. நான் ஏத்திடறேன். போட்டோவுல யாருக்குத் தெரியப் போவுது?"

"அவங்களுக்குத் தெரியுங்க. யாரப் பத்தி விழாவோ அவங்களையே மேடையில வச்சு அவமானப்படுத்துன மாதிரி ஆயிடும்." அவரை எதிர்த்து நான் பேசியது அதுதான் முதல் தடவை.

"அப்ப அஞ்சேகாலுக்கு வையி. காலி நாற்காலிக்கு வெளக்கு ஏத்தட்டும். நம்ம ஷிஃப்டே ஆறுக்குதான் முடியுது."

அவர் சொன்னதும் சரிதான். எங்கள் பார்வையாளர்களில் பாதிக்கு மேல் அந்தக் கம்பெனி ஆட்கள். பேக்கிங் செக்‌ஷன் செல்வி கணக்குச் சீட்டில் கையெழுத்து வாங்க வந்தவர், எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அந்தம்மா அம்மாந்தூரத்துலேருந்து வந்துருக்காங்க. நாம ஒரு மணி நேரம் முன்னாடி போவக் கூடாதாங்க? சாப்பாட்டு நேரத்துலயும் வேலய பாத்துடறோம். அஞ்சுக்கு வுட்டுடுங்க. சோத்த அங்க வந்து தின்னுக்கறோம்."

"எல்லாரும் ஒத்துக்கணும்ல?" என்றார் முதலாளி.

செல்வி ஒவ்வொரு செக்‌ஷனாகப் போய்க் கேட்டுவிட்டு வந்தார். ஒருவர்கூட மறுக்கவில்லை. முதலாளியும் ஒத்துக்கொண்டார்; புது நேரத்தை ஆட்டோவில் மைக் கட்டி ஊருக்கும் சொன்னோம்.

ஐந்தேகாலுக்கு மண்டபம் நிறைந்திருந்தது. தலைமுடியில் மண்தூசி, மடியில் டிபன் பாக்ஸ். நடந்ததை என்னிடம் கேட்டறிந்திருந்த ரேச்சல் அம்மா ஐந்து திரியையும் ஏற்றிவிட்டு அவர்களையே பார்த்தார்.

"எனக்காகவா பட்டினி கிடந்தீங்க?" என்று கேட்டார். வெளிச்சம் இருக்கும்போதே லாட்ஜுக்கு நடந்து போய்விட்டார். நான் எத்தனையோ விழா நடத்தியிருக்கிறேன். அந்தக் கம்பெனி ஆட்களை மதித்த அளவுக்கு எந்தச் சிறப்பு விருந்தினரையும் மதித்ததில்லை.

பிறகு படம் போட்டோம். அதில் ஒரு வீட்டம்மா ஜன்னலை எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டு, அவசர அவசரமாக இரண்டு மெழுகுவத்தி ஏற்றுகிறாள். ஒரு மாதம் முன்பு அந்தக் காட்சியை உட்கார்ந்து மொழிபெயர்த்தவன் நான். நோட்டீஸில் ஆறரை என்று போட்டவனும் நான். வசனம் மனப்பாடம், வரப்போகும் மனுஷிக்கும் அதே வெள்ளிக்கிழமைதான் என்பது மட்டும் உறைக்கவில்லை. வெட்கமாக இருந்தது.

காட்சியை விளக்க மைக்கை எடுத்தேன். அதற்குள் முன்வரிசையில் செல்வி பக்கத்திலிருந்தவளிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"பொழுது எறங்குறதுக்குள்ள ஏத்தணும்டி. அதான் அப்புடி ஓடுறாங்க."

நான் மைக்கைக் கீழே வைத்துவிட்டேன்.