அடி தெரியாத தண்ணீரில் வசந்தா அக்கா

வசந்தா அக்கா இறந்த செய்தியை எனக்குப் போனில் சொன்னவர் அவருடைய அண்ணன் ராமலிங்கம். காலை ஏழரை மணி இருக்கும். அரியலூரில் என் வீட்டு அடுப்படியில் இட்லி ஊற்றிக்கொண்டிருந்தேன். "ரெஜினாம்மா, தங்கச்சி போயிட்டாம்மா," என்றார். கையிலிருந்த கரண்டியை எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை. நான் வாய்விட்டு அழுவதற்குள் அடுத்ததையும் சொல்லிவிட்டார். "குளிச்சிட்டு வெளிய வரப்பதான் விழுந்தா. பொறந்தப்பவே எழுதி வெச்சாங்கல்ல, தண்ணியில கண்டம்னு. கேட்டாளா?"

வந்த அழுகை நின்றுபோய் எனக்குக் கோபம் வந்தது. அது இன்னும் தீரவில்லை. இந்த அஞ்சலியை அந்தக் கோபத்தோடுதான் எழுதுகிறேன். படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள், பொறுக்காவிட்டாலும் பரவாயில்லை.

அக்காவுக்கு வந்தது மாரடைப்பு. டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கிறார். நானும் அக்காவும் கிராம சுகாதார நர்சாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள், எங்களுக்குத் தெரியாத மாரடைப்பா? ஆனால் பெரம்பலூரில் அக்கா வீட்டு வாசலில் அன்று கூடியிருந்தவர்கள் பேசியதெல்லாம் ஒரே பேச்சு. கப்பலில் போனாள், கடலில் இறங்கினாள், கண்டம் வீடு தேடி வந்து வாங்கிவிட்டது. குளியலறையில் இருந்த ஒரு வாளித் தண்ணீரைக் கொண்டுபோய்க் கடலோடு சேர்த்துவிட்டார்கள்! அப்படிப் பார்த்தால் குளித்துவிட்டுச் செத்தவர்கள் அத்தனை பேருக்கும் கண்டம்தான். அக்கா அறுபது வயதுக்கு மேல் ஜெயித்த ஒரு விஷயத்தை, பேச வாய் இல்லாத நேரம் பார்த்துப் பிடுங்கிக்கொள்ளப் பார்க்கிறார்கள். விட முடியாது.

அவரை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். பிறந்தவுடன் எழுதிய ஜாதகத்தில் 'நீரில் கண்டம்' என்று ஒரு வரி. அந்த ஒரு வரியை வைத்து அவரை ஏரிப் பக்கம் விடவில்லை, கிணற்றை எட்டிப் பார்க்க விடவில்லை. கோயில் குளத்தில் எல்லோரும் முங்கி எழுவார்கள், இவருக்கு மட்டும் படியில் உட்காரவைத்துச் செம்பில் மொண்டு தலையில் ஊற்றுவார்கள். பயம் ரத்தத்தில் ஊறிவிட்டது.

குன்னம் பக்கத்தில் நாங்கள் ஒன்றாக வேலை பார்த்தபோது ஒரு போலியோ சொட்டு மருந்து நாள். முதல் நாள் மழையில் ஓடையில் முழங்கால் அளவு தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. மக்காச்சோளக் காட்டிலிருந்து ஆடுகள்கூட நடந்து கடந்தன. அக்கா கரையில் நின்றுவிட்டார். முகம் வெளுத்திருந்தது. "ரெஜி, மருந்துப் பொட்டிய நீ எடுத்துட்டுப் போடி. நான் சுத்திக்கிட்டு வரேன்." கொட்டுகிற மழையில் எட்டு கிலோமீட்டர் வண்டி ஓட்டிச் சுற்றி வந்தார். "நர்சம்மா, இப்படித் தொப்பலா நனைஞ்சிருக்கீங்களே, இது மட்டும் தண்ணி இல்லீங்களா?" என்று ஒரு அம்மாள் கேட்டதற்கு, "இது மேலேருந்து வருதுங்க, பரவால்ல," என்றார் பாருங்கள். நான் சிரித்தேன். அன்று அவரும் சிரித்தார்.

சிரிப்பு நின்றது அவருடைய மகள் கவிதாவால். ஒரே பெண். கணவர் சீக்கிரமே காலமாகிவிட்டதால் அக்காதான் தனியாக வளர்த்தார். அந்தப் பெண்ணுக்கு ஜாதகத்தில் ஒன்றும் இல்லை, ஆனாலும் அம்மாவின் பயம் அப்படியே இறங்கியிருந்தது. கொச்சியில் வேலை. ஆபீஸ் தோழிகளோடு கடற்கரைக்குப் போனால் எல்லோரும் அலையில் ஆடுவார்கள், இவள் மணலில் நின்று அவர்கள் பைகளைப் பார்த்துக்கொள்வாள். ஒருநாள் போனில் வெடித்துவிட்டாள். "ஊசிக்குப் பயப்படாதீங்கன்னு ஊரெல்லாம் போயிச் சொன்னீங்கல்லம்மா. என்னைய மட்டும் ஏன் பயங்காட்டியே வளத்தீங்க?"

அக்கா அதை என்னிடம் சொல்லி அழுதார். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு, "இது என்னோட முடியணும்டி. அவகிட்ட வாயால சொன்னா நம்ப மாட்டா. நான் எறங்கிக் காட்டணும்," என்றார்.

இறங்குவதற்கு அவர் தேர்ந்தெடுத்தது ஏரியும் இல்லை, குளமும் இல்லை, நடுக்கடல்! கொச்சியிலிருந்து லட்சத்தீவுக்குப் போகும் சுற்றுலாக் கப்பல். அங்கே ஸ்நார்க்கலிங் உண்டு, கண்ணாடியை முகத்தில் மாட்டி, குழாயை வாயில் கவ்வி, கடலில் குப்புற மிதந்தபடி அடியில் இருப்பதைப் பார்ப்பது. உங்களுக்கு என்ன பைத்தியமா என்று கேட்டேன். "ஆமா, நீயும் வரே," என்றார்.

கிளம்புவதற்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை சிறுவாச்சூர் காளி கோயிலுக்குப் போனோம். நான் சர்ச்சுக்குப் போகிறவள், துணைக்குப் பக்கத்தில் நின்றேன். அக்கா சன்னதியில் சத்தமாகவே சொன்னார்: "உத்தரவு கேக்க வரல தாயே. சொல்லிட்டுப் போக வந்தேன்." பூசாரியே திரும்பிப் பார்த்தார்.

முதல் பயணம் படுதோல்வி. கப்பல் தீவுக்குத் தள்ளி நின்றுவிடும், அங்கிருந்து சின்னப் படகில் இறங்க வேண்டும். படகு ஆடிய ஆட்டத்தைப் பார்த்தவர் கதவுக் கம்பியைப் பிடித்த பிடியை விடவில்லை. நாள் முழுக்கக் கப்பலிலேயே இருந்துவிட்டு, "சாப்பாடு நல்லாருக்குடி," என்றார். ஊருக்குள் ராமலிங்கம் அண்ணனுக்குப் பரம சந்தோஷம்.

அடுத்த வருஷம் படகில் இறங்கினார். மிதவைச் சட்டை போட்டு, பயிற்சியாளர் கையைப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் முகத்தை வைத்தார். கண்ணாடிக்குள் தண்ணீர் புகுந்தது. ஒரு வாய் உப்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு அலறினார். கரைக்கு இழுத்து வந்தார்கள். அன்று சாயங்காலம் கப்பல் மேல்தளத்தில் என் தோளில் சாய்ந்து, "அவங்க சொன்னதுதான் சரியா இருக்குமோ?" என்று கேட்டார். அக்கா பயந்து நான் பார்த்திருக்கிறேன். தோற்றுப் பார்த்தது அன்றுதான்.

ஆனாலும் மூன்றாம் வருஷம் டிக்கெட் எடுக்கச் சொன்னார். இந்த முறை என்னிடம் ஒரு வேலை ஒப்படைத்தார். சளி பிடித்த குழந்தையை மடியில் கிடத்தி, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, நிமிஷத்துக்கு எத்தனை மூச்சு என்று எண்ணுவது எங்கள் தொழில். எண்ணிக்கை ஏறினால் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவோம். "நான் தண்ணியில கெடக்கறப்ப என் மூச்ச எண்ணிச் சொல்லுடி. பயத்த எனக்கு எறக்கத் தெரியாது. மூச்ச எறக்கத் தெரியும்."

நான் படகில், கையில் கடிகாரம். அக்கா படகோரக் கயிற்றைப் பிடித்துக் குப்புறக் கிடந்தார். குழாய் வழியே புஸ் புஸ்ஸென்று மூச்சு. ஒரு நிமிஷம் எண்ணி முதுகில் தட்டினேன். "நாப்பத்தெட்டுக்கா!" தலையைத் தூக்கி, "குழந்தையா இருந்தா பெரம்பலூருக்கு அனுப்பியிருப்பேன்," என்று சொல்லிவிட்டு மறுபடி கவிழ்ந்தார். முப்பத்தாறு. இருபத்தெட்டு. பதினெட்டு என்றபோது அவர் தலையைத் தூக்கவில்லை. கயிற்றை விட்டுவிட்டார்.

பவளப் பாறை முடிகிற இடத்தில் அடி சரிந்து, தண்ணீர் ஒரேயடியாகக் கருநீலமாகிவிடும். பயிற்சியாளர் திரும்பலாமா என்று சைகை காட்டினார். அக்கா முன்னால் கை காட்டினார். அந்தப் பெரிய நீலத்தின் மேல் ஆரஞ்சுச் சட்டையோடு அவர் கிடந்ததைப் பார்த்து நான் படகில் உட்கார்ந்து ஏசுவே ஏசுவே என்று கத்திக்கொண்டிருந்தேன். திரும்பி வந்து கண்ணாடியைக் கழற்றியதும் சொன்னார்: "கீழ ஒண்ணுமே இல்லடி ரெஜி. ஒண்ணுமே இல்லாத எடத்துல கெடந்தேன். ஒண்ணும் ஆவல." கரை ஏறியதும், பயிற்சியாளர் எடுத்திருந்த வீடியோவைக் கவிதாவுக்கு அனுப்பினார். கவிதா ஓர் அழுகிற பொம்மையை மட்டும் பதிலுக்கு அனுப்பினாள். தண்ணீரில் இறங்குகிறேன் என்று சொல்லவில்லை. அது அக்காவுக்குக் கடைசிவரை ஒரு குறைதான்.

அக்கா இறந்த மூன்றாம் நாள் அஸ்தியை எடுத்துக்கொண்டு ஏலாக்குறிச்சிக்குப் பக்கத்தில் கொள்ளிடத்துக்குப் போனோம். ஓரமாகவே இடுப்பளவு ஓடிக்கொண்டிருந்தது. ராமலிங்கம் அண்ணன் கலயத்தை வாங்கக் கை நீட்டினார். "நீ கரையில நில்லும்மா. பொம்பளைங்க எறங்கறது நம்ம வழக்கம் இல்ல. அம்மா கதைய நீயே பாத்தல்ல."

கவிதா ஓடுகிற தண்ணீரை ஒருமுறை பார்த்தாள். கலயத்தை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"எங்கம்மா தண்ணியில சாவல மாமா. கொஞ்சம் நவுருங்க."

இறங்கிவிட்டாள். முழங்கால், தொடை, இடுப்பு. சாம்பலைக் கரைத்தாள். கலயத்தை ஆற்றோடு விட்டாள். மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒருமுறை முங்கினாள். கரையில் அண்ணன் "ஐயோ!" என்று கத்தினார். எழுந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, மறுபடி முங்கினாள். முங்கிக்கொண்டே இருந்தாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று எங்களுக்குத் தெரியவில்லை.

அக்கா, வெயில் ஏறிவிட்டது, வேனும் காத்திருந்தது. உங்கள் மகளைக் கரைக்குக் கூப்பிட்டுக் கூப்பிட்டு எங்களுக்குத் தொண்டை வற்றிப்போனது. அவள் வரவில்லை. நீங்கள் போய் வாருங்கள்.