பார்சல் கிடையாது

போன செவ்வாய்க்கிழமை மதியம் ஒரு சமையல்காரர் என்னை மடக்கிவிட்டார். அதுவும் எங்கள் உத்திரமேரூரிலேயே!

விஷயம் இதுதான். துபாயில் பன்னிரண்டு வருஷம் சமைத்துவிட்டுத் திரும்பிய அருள், பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு குட்டி ரெஸ்டாரன்ட் திறந்திருக்கிறார். மொத்தமே ஆறு நாற்காலி. மெனு கார்டு கிடையாது. ஏரியில் அன்றைக்கு என்ன மீன் கிடைக்கிறதோ, அதுதான் சாப்பாடு. அவரே சமைப்பார், அவரே பரிமாறுவார், நாம் முதல் வாய் வைக்கும்வரை எதிரிலேயே நிற்பார். பரீட்சை அவருக்கு... வியர்ப்பது நமக்கு!

வாசலில் ஸ்கூட்டரை நிறுத்தி, இறங்காமலேயே குரல் கொடுத்தேன். "அருள், ஒரு பார்சல்!"

"பார்சல் கெடையாதுக்கா. உள்ள வந்து ஒக்காருங்க."

"ஏன்ப்பா?"

"விரால தோலோட சுட்டு வெச்சிக்கீறேன். டப்பால போட்டு மூடினா வேர்த்து நமுத்துப் பூடும். துபாய்ல எங்க செஃப்பு, யார் வந்து கேட்டாலும் பார்சல் குடுக்க மாட்டாரு."

என்ன திமிர் என்று நினைத்தேன். பசியோடு வந்தவளுக்குப் பாடம் எடுக்கிறாரே! "நமுத்தாலும் எனக்குப் பரவாயில்லப்பா" என்றேன்.

அருள் சிரித்தார். "உங்களுக்குப் பரவால்லக்கா, எனக்குத்தான் மனசு ஆவல. கடை தொறந்து ஒரு மாசம் ஆவுது. உங்க தெருவுலேர்ந்து வர்றவங்க எல்லாரும் பார்சல்தான் கேக்கறாங்க. ஒருத்தரும் ஒக்காரல. நானும் கட்டிக் குடுத்துக்கினே இருந்தா, இந்த ஆறு சேரு இன்னாத்துக்கு?"

எனக்குச் சுருக்கென்றது.

அருளின் வீடு காலனியில். அவருடைய அம்மா எங்கள் வயலில் நாற்று நட்டவர். எங்கள் தெருக்காரர்களுக்கு அருளின் சமையல் வேண்டும். ஆனால் அவர் கடையில் உட்கார்ந்து சாப்பிடுவதை நாலு பேர் பார்த்துவிடக் கூடாது. அதற்குத்தான் பார்சல் — எவ்வளவு சௌகரியம் பாருங்கள்! நான் சாதி பார்ப்பதில்லை என்று இதே பத்தியில் எத்தனை வாரம் எழுதியிருக்கிறேன்? அப்புறம் ஏன் ஸ்கூட்டரை விட்டு இறங்கவில்லை? அவசரமா? வீட்டில் எனக்கு ஒரு வேலையும் இல்லை. வெட்கமாக இருந்தது.

இறங்கினேன். உள்ளே போய் உட்கார்ந்தேன். எதிரில் அருளும் அடுப்பும், அவருக்குப் பின்னால் கண்ணாடி, அதற்கு அப்பால் தெரு. போகிற வருகிற அத்தனை பேருக்கும் என் முகம் தெரியும்.

மொட்டை மாடியில் கறுக்கக் காயவைத்த எலுமிச்சம்பழத்தைப் பொடித்துத் தூவிய விரால். பக்கத்தில், மீன் தலை வெந்த சாற்றிலேயே வேகவைத்த சோறு. தோல் அப்பளம் மாதிரி நொறுங்கியது. அருள் சொன்னது சரிதான்... டப்பாவில் இதை அடைத்திருந்தால் பாவம்!

பாதிச் சாப்பாட்டில், வாசலில் என் சித்தப்பா. எங்கள் தெருவின் பெரிய மனிதர்.

"இன்னாடா அருளு, மூணு தெருவுக்கு மணக்குது! ஒண்ணு கட்டு, வூட்ல போய் சாப்டுக்கறேன்."

அப்போதுதான் என்னைப் பார்த்தார். என் கை தட்டிலேயே நின்றுவிட்டது. அருள் அவரைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். நான் எழுந்துவிடுவேனோ என்று.

"பார்சல் கெடையாதாம் சித்தப்பா. வாங்க, என் பக்கத்துல ஒக்காருங்க."

சித்தப்பா தெருவை இந்தப் பக்கம் ஒரு தடவை பார்த்தார், அந்தப் பக்கம் ஒரு தடவை பார்த்தார். அருள் அலட்டிக்கொள்ளாமல் கல்லில் இன்னொரு மீனைத் திருப்பிப் போட்டார். சொய்ய்ங்... சித்தப்பாவுக்கு நாக்கு நீளம். செருப்பை விட்டுவிட்டு உள்ளே வந்துவிட்டார்.

மனசு மாறி வந்தாரா, மீனுக்காக வந்தாரா என்று என்னைக் கேட்காதீர்கள். வந்தார், தெருவைப் பார்த்து உட்கார்ந்தார், இரண்டாவது மீனும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். எனக்கு அது போதும்.

கை கழுவிக்கொண்டு வந்தவர் உத்தரவு போட்டார். "அருளு, நாளிக்கி இந்த சேர எனக்குன்னு வெச்சிடு."

அருளின் அம்மாவுக்கு அவர் இன்றைக்கும் ஐயாதான். அருள் துண்டில் கையைத் துடைத்தபடி சொன்னார்: "இங்க சேரெல்லாம் யாருக்கும் பட்டா போட்டுத் தர்றதில்ல சார். மொதல்ல வர்றவங்க ஒக்காரலாம்."

மறுநாள் பதினொரு மணிக்கே சித்தப்பா அங்கே போய் நின்றாராம். கடை திறப்பது பன்னிரண்டரைக்கு!