அண்ணன் செய்த முள்ளுக்கை

வந்திருக்கும் சொந்தங்களுக்கும் நண்பர்களுக்கும் தங்கையின் வணக்கம். அண்ணனைப் பற்றி இந்த நினைவு மலரில் எழுதும் பொறுப்பை அண்ணி என்னிடம் கொடுத்தார். பயந்தாங்கொள்ளியிடம் எழுதச் சொன்னால் பயத்தைத்தான் எழுத முடியும். அண்ணன் தன் டிராக்டரில் ஏறும்போதெல்லாம் எனக்குப் பயம்தான். அதை மறைத்துவிட்டு அவர் பெருமையை மட்டும் எழுத எனக்கு வராது.

அண்ணன் மரக்காணத்தில், உப்பளக் கூலிகளான எங்கள் பெற்றோருக்கு மூத்த பிள்ளையாகப் பிறந்தார். மழைக்காலத்தில் அளத்தில் வேலை இருக்காது. அந்த மாதங்களில் அம்மா சீமைக்கருவேலம் என்கிற வேலிக்காத்தான் முள் வெட்டப் போவார். ஒருமுறை அவர் காலில் ஏறிய முள் உள்ளேயே முறிந்து சீழ் பிடித்து, கடைசியில் ஒரு விரலையே எடுக்க வேண்டியதாயிற்று. அப்போது பத்தாவது முடித்திருந்த அண்ணன் மேலே படிக்கவில்லை. திண்டிவனத்தில் ஒரு வெல்டிங் பட்டறையில் சேர்ந்தார். என் படிப்பும் என் கல்யாணமும் அந்தப் பட்டறைச் சம்பளத்தில் நடந்தவை. பிறகு அனுமந்தை பக்கம் சொந்தப் பட்டறை போட்டார், அண்ணியைக் கைப்பிடித்தார், முன்னால் மண் அள்ளும் லோடர் வைத்த பழைய டிராக்டர் ஒன்றையும் வாங்கினார்.

முள் மண்டிய நிலத்தைத் திருத்த நினைப்பவர்கள் அவரைக் கூப்பிடுவார்கள். பிடுங்கிப் போட்ட முள்ளை லோடரின் பக்கெட்டால் தள்ளத்தான் முடியும், அள்ள முடியாது. சரிந்ததையெல்லாம் பெண்கள் கையால் இழுத்துக் குவிக்க வேண்டும். அண்ணனால் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. பக்கெட்டைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் மாட்ட ஓர் இரும்புக் கையைச் செய்யத் தொடங்கினார். கீழே, தடித்த இரும்புப் பட்டைகளை வெட்டிச் சேர்த்த விரல்கள். மேலே, திறந்து மூடும் தாடை. அதை அழுத்திப் பிடிக்க, பழைய இரும்புக் கடையில் தேடி எடுத்த ஹைட்ராலிக் சிலிண்டர். ஊரில் அதற்கு முள்ளுக்கை என்று பெயர் விழுந்தது.

முதலில் தாடை ஒரே துண்டாக இருந்தது. முள் ஒரு பக்கம் தடிப்பாக இருந்தால் மறுபக்கம் பிடியில்லாமல் வழிந்தது. "என்னாங்க, ரெண்டா பண்ணுங்களேன். அது அது பாட்டுக்குப் புடிக்கட்டும்" என்றார் அண்ணி. அன்றே அறுத்து இரண்டாக்கி, இன்னொரு சிலிண்டரும் வைத்தார். யார் எதைச் சொன்னாலும் கேட்டுக்கொள்வார். நான் "விட்டுடுண்ணா" என்று சொன்னால் மட்டும் காது கேட்காது!

முன்னால் அவ்வளவு கனத்தைத் தூக்கினால் டிராக்டரின் பின்பக்கம் எழும்பிவிடும். அதற்காகப் பின்னால் ஒரு சட்டம் அடித்து, உப்பு மூட்டைகளை அடுக்கினார். எங்கள் ஊரில் கைக்கெட்டும் கனம் அதுதானே. ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. மழை விட்டதும் பெருமுக்கல் அருகே ஒரு கொல்லையில் முள்ளைக் கவ்வித் தூக்கினார். பின் சக்கரம் இரண்டும் தரையை விட்டு எழுந்தன. சாப்பாட்டுக் கேரியரோடு அண்ணியுடன் வரப்பில் நின்றிருந்த நான், "அண்ணா! எறக்குண்ணா, எறக்கு!" என்று அலறினேன். சட்டென்று இறக்கிவிட்டார். பின்னால் போய்ப் பார்த்தால் சாக்குகள் சப்பையாகக் கிடந்தன. உப்பு பாதிக்கு மேல் கரைந்து ஓடியிருந்தது.

"உப்பளத்துல பொறந்து வளந்தவருக்கு உப்பு கரையும்னு தெரியலையா?" என்று அண்ணி சிரித்தார். அண்ணனும் சேர்ந்து சிரித்தார். நான் மட்டும், "இந்தச் சனியன வித்துத் தொலைண்ணா" என்று அழுதேன்.

"ஏம்மா, இதுக்குப் போயி அழுவுற? நாளைக்கே டிரம்முல காங்கிரீட்டு ஊத்தி மாட்டிடறேன், போதுமா?"

மாட்டினார். எனக்குத்தான் போதவில்லை. தினமும் சாயங்காலம் போன் செய்து, "எறங்கிட்டியாண்ணா?" என்று கேட்பேன். "எறங்கிட்டேம்மா, டீ குடிச்சிக்கினு இருக்கேன்" என்று பதில் வந்தால்தான் எனக்கு அடுப்படி வேலை ஓடும். எடுக்க இரண்டு நிமிடம் தாமதமானாலும் என்னென்னவோ தோன்றும்.

சென்ற ஆண்டு வானூர் பக்கம் ஒரு நிலத்தில் வேலை. முள்ளுக்கை நிறைய முள்ளைத் தூக்கியிருந்தார். தொங்கிய கிளை ஒன்று தரையில் சிக்கிக்கொண்டது. அதை வெட்டிவிட, கூட வேலை செய்த மூன்று பெண்கள் அதற்கடியில் போனார்கள். அந்த நேரம் பார்த்து அண்ணனுக்கு நெஞ்சு வலி வந்திருக்கிறது. நடந்ததை அவர்களில் மூத்தவர் என்னிடம் சொன்னார்.

"நெஞ்சப் புடிச்சிக்கினாரு கண்ணு. 'தள்ளிப் போங்க, தள்ளிப் போங்க'ன்னு கைய காட்டினாரு. நாங்க வெலகினப்பறம் முள்ள மெதுவா எறக்கி வச்சாரு. வண்டிய நிறுத்தினாரு. அதுக்கப்பறந்தான் ஸ்டியரிங் மேல சாஞ்சாரு."

ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் அண்ணன் போய்விட்டார். முள்ளுக்கை அவரை ஒன்றும் செய்யவில்லை. அந்த வலியிலும் அவருக்குக் கீழே நின்றவர்கள் ஞாபகம் இருந்திருக்கிறது.

அண்ணனைத் தூக்கிக்கொண்டு ஓடிய நிலத்துக்காரருக்கும், வழி முழுக்க ஹாரனிலிருந்து கை எடுக்காத கார் டிரைவருக்கும், இந்த ஓராண்டாக அண்ணியைத் தனியே விடாத அக்கம்பக்கத்தாருக்கும், பட்டறையைப் பூட்டாமல் நடத்திவரும் அவருடைய ஆட்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

அந்த மூன்று பெண்களும் இன்று தலைத்திவசத்துக்கு வருகிறார்கள். கூச்சப்பட்டுப் பந்தலுக்கு வெளியிலேயே நின்றுவிடுவார்கள். கையைப் பிடித்து அழைத்து வந்து முதல் பந்தியில் உட்கார வையுங்கள். அவர்கள் சாப்பிட்டு எழுந்த பிறகு நாம் உட்காரலாம்.