இஸ்தான்புல்லில் மூன்று நாள்

எங்கள் லப்பைக்குடிக்காட்டில் ஹஃபீசாவுக்குக் கல்யாணமாகி முப்பத்திரண்டு வருடம் என்று யாராவது சொன்னால், அவள் விடமாட்டாள். "ஷார்ஜா கணக்கைக் கழிச்சிட்டுச் சொல்லுங்க, நாலு வருஷம்கூட தேறாது" என்பாள். அவள் கணவர் ஹுமாயூன் அண்ணனுக்கு அங்கேதான் வேலை, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை இரண்டு மாத லீவு. வந்த மாதம் விருந்து, போகிற மாதம் அழுகை. அவ்வளவுதான் அவள் குடித்தனம்.

போன வருடம் அண்ணன் வேலையை முடித்துக்கொண்டு ஊரோடு வந்துவிட்டார். செருப்பைத் தலையணைக்கு அடியில் வைத்துத் தூங்கினார். தன் தட்டைக் கழுவி யாருக்கும் தெரியாமல் ஒளித்து வைத்தார். ஒருநாள் மஃரிப் தொழுதுவிட்டு வேறு தெருவுக்குப் போய் நின்றார். ஹஃபீசா பயந்துபோய்க் கேட்டபோது நாங்கள் எல்லோரும் சிரித்தோம். எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒருவர் அரபுநாட்டில் இருந்தவர்தான். கம்பெனி கேம்பில் பலரோடு ஒரே அறையில் தங்கிப் பழகியவர்கள் அப்படித்தான் இருப்பார்கள் என்று ஆளுக்கொரு கதை சொல்லி அவள் வாயை அடைத்தோம். நானும் சொன்னேன். அதை நினைத்தால் இன்றைக்கும் என்மீதே ஆத்திரம் வருகிறது.

மகன் ஆகிப் டிக்கெட் போட்டு, இரண்டு போனுக்கும் வெளிநாட்டு ரீசார்ஜ் செய்து, இருவரையும் இஸ்தான்புல்லுக்கு அனுப்பினான். மச்சானோடு ஊர் பார்க்கும் ஆசை அவளுக்கு முப்பது வருட ஆசை. புதுச்சேலை மூன்று எடுத்தாள்.

முதல் நாள் ஹோட்டலில் பாஸ்போர்ட்டைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள். அண்ணன் வாங்க மறுத்தார். ஷார்ஜாவில் இருந்ததுபோல, கம்பெனியிலேயே இருக்கட்டும் என்றார். அவள்தான் கைநீட்டி வாங்கிக்கொண்டாள்.

இரண்டாம் நாள் சுல்தான்களின் அரண்மனை. தங்கமும் வைரமும் கண்ணாடிக்குள் மின்னின. அவர் எதையும் பார்க்கவில்லை. கேம்ப் வண்டி எத்தனை மணிக்கு என்று நான்கு முறை கேட்டார். ஐந்தாவது முறையும் கேட்டார். மகனைக் கூப்பிடப் போனை எடுத்த ஹஃபீசா, ஊருக்குப் போய்ச் சொல்லிக்கொள்ளலாம் என்று வைத்துவிட்டாள்.

மூன்றாம் நாள் பெரிய பள்ளிவாசலில் அஸர் தொழுதார்கள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். வானம் மூடிக்கொண்டு வந்தது. அண்ணன் அவள் முகத்தையே வெகுநேரம் பார்த்தார். பிறகு மரியாதையாக ஒரு சாண் நகர்ந்து உட்கார்ந்தார்.

"பேச்சைப் பாத்தா நம்ம ஊருப் பக்கம் மாதிரி இருக்கீங்க. தப்பா நெனைக்காதீங்கம்மா, ஊருல என் சம்சாரம் தனியா இருக்கா. அவளுக்கு ஒரு போன் பண்ணிக்கிறேன்."

நம்பரைப் பார்க்காமலே அழுத்தினார். அவள் கைப்பைக்குள் போன் அடித்தது. அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. உலுக்கி எழுப்பலாமா, கத்தலாமா என்று அவளுக்கு ஒன்றும் ஓடவில்லை. கை தானாகப் போனை எடுத்தது. ஸலாம் சொன்னாள். அவர் முகம் அப்படியே மலர்ந்தது.

"சாப்பிட்டியா ஹஃபீசா?"

"சாப்பிட்டேன் மச்சான். நீங்க எப்ப வருவீங்க?"

"லீவு கேட்டிருக்கேன். ரெண்டு மாசத்துல வந்துடுறேன். அழுவாம இரு."

பேசி முடித்து அவர் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். ஹஃபீசா முக்காட்டால் வாயைப் பொத்தியபடி, போனைக் காதிலேயே வைத்திருந்தாள். முப்பது வருடமாக, அவர் வைத்த பிறகும் கொஞ்ச நேரம் அப்படித்தான் வைத்திருப்பாள்.