அழித்ததெல்லாம் போய்ச் சேர்ந்தது

மகளுக்கு வரன் பார்த்தபோது வானவடி என்ற பகுதியில் குடியிருந்தோம். அவளைப் பற்றிய விவரங்களைக் கம்ப்யூட்டரில், குறிப்பு எழுதும் மென்பொருள் ஒன்றில் தட்டி வைத்திருந்தேன். ஏழாவதோடு பள்ளியை விட்டவள் நான்; எதை எழுதினாலும் தப்போ என்று பயம். தினமும் திறந்து ஏதாவது ஒரு வரியை மாற்றுவேன். அந்தப் பாழாய்ப்போன மென்பொருள், மாற்றும்போதெல்லாம் பழையதையும் தானாகவே சேர்த்து வைத்துக்கொண்டது எனக்குத் தெரியாது. அதே ஊரில் விமான் நகரில் இருந்த பையன் வீட்டுக்கு அதை ஈமெயிலில் அனுப்பினேன். அழித்ததெல்லாம் கூடவே போய்விட்டது!

மறுநாள் பையனின் அம்மா போன் செய்தார்.

"ஏங்க, உங்க பொண்ணு நாளுக்கு நாள் வளர்றாளே! அஞ்சடி ஒரு அங்குலத்துல ஆரம்பிச்சு நாலு அங்குலத்துல வந்து நிக்கறா!"

நான் அவசரமாகக் கம்ப்யூட்டர் மேல் பழியைப் போட்டேன்.

"ஐயோ, எல்லாம் அந்தக் கம்ப்யூட்டர் பண்ற அநியாயங்க..."

"அட, இருக்கட்டும். 'கோபம் வரும், ஆனா மனசுல வச்சுக்க மாட்டா'ன்னு முதல்ல எழுதியிருந்தீங்களே, அதை ஏன் எடுத்தீங்க? அதைப் படிச்சுட்டுத்தான் கூப்பிடறேன். ஞாயித்துக்கிழமை வரலாமா?"

"வாங்க" என்றேன்.

போனை வைத்துவிட்டு அந்த மென்பொருளை வாய் ஓயாமல் திட்டினேன். திட்டத் திட்டத்தான் எனக்கு உறைத்தது. என் மகளைத் திருத்திக் காட்டும்படி யாருமே கேட்கவில்லை. அவள் இருக்கிறபடி போதாது என்று பயந்தவள் நான் மட்டும்தான்.