அருவிப் படங்களும் திறக்காத மெயிலும்

என் எழுத்து கோணல்மாணலாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். அஞ்சாம் வகுப்போடு நிறுத்தியவள் நான். மறதி வேறு. நேற்று என்ன குழம்பு வைத்தேன் என்று கேட்டால் முழிப்பேன். ஆனால் அந்த ஆவணி மாதத்து வெள்ளிக்கிழமை மட்டும் மறக்கவில்லை. அன்றைக்கு நான் ஒரு சின்ன அக்கிரமம் செய்தேன்.

குற்றாலத்தில் ஒரு லாட்ஜில் கூட்டிப் பெருக்குவது என் வேலை. காலையில் வரும் வழியில் இன்னொரு வேலையும் உண்டு. மெயின் அருவிக்கு எதிரே நின்று, லாட்ஜ் போனில் தண்ணீரைப் படம் எடுத்து வர வேண்டும். சீசனில் வெளியூர்க்காரர்கள் ரூம் கேட்பதற்கு முன்னால் “தண்ணி விழுதா?” என்றுதான் மெயில் போடுவார்கள். விழுகிறது என்று எழுதினால் நம்ப மாட்டார்கள். அன்றன்றைக்குப் படம் போக வேண்டும்.

எனக்கோ கூச்சம். அருவியில் ஆண்கள் எண்ணெய் தேய்த்துக்கொண்டு கோவணத்தோடு நிற்பார்கள். அந்தப் பக்கம் எப்படிப் பார்ப்பது? முகத்தைக் கடைப்பக்கம் திருப்பிக்கொண்டு, கையை மட்டும் அருவிக்கு நீட்டி, அமுக்கு அமுக்கென்று அமுக்குவேன். பத்தில் எட்டு என் கட்டைவிரல். ஒன்றில் குரங்கு. ஒன்றில் அருவி. அத்தனையையும் அப்படியே ஆபீஸில் கொடுத்துவிடுவேன்.

ஆபீஸில் மெயில் பார்ப்பது இலஞ்சியிலிருந்து வரும் ஒரு பெண். முதலாளியை எல்லோரும் அண்ணாச்சி என்போம். அவர் அவளுக்கு இரண்டு சட்டம் போட்டிருந்தார். எத்தனை படம் இருந்தாலும் அத்தனையும், கேட்ட அத்தனை பேருக்கும் போக வேண்டும். படம் நிறையப் போனால்தான் ஆள் நிறைய வருமாம். இன்னொன்று, மெயிலில் எதையும் அழிக்கக் கூடாது. வந்த கடுதாசியும் போன கடுதாசியும் லட்சுமி, லட்சுமியை யாராவது குப்பையில் போடுவார்களா என்பார்.

அந்த வெள்ளிக்கிழமைக்கு மறுநாள் மதுரையிலிருந்து ஒரு கல்யாணக் கூட்டம் வருவதாக இருந்தது. எந்த மாடியைக் கொடுப்பதாக அவர்களுக்கு எழுதினோம் என்று பார்க்க வேண்டும். நாம் அனுப்பிய மெயில் எல்லாம் கிடக்கும் சென்ட் ஃபோல்டரை அவள் அமுக்கினாள். வட்டம் சுற்றியது. நான் வராண்டாவைக் கூட்டி முடித்து, துடைத்தும் முடித்தேன். வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. ஒருவழியாகத் திறந்தது. மதுரை மெயிலைத் தேடத் தட்டினாள், திரை வெளுத்துப்போய் அப்படியே நின்றுவிட்டது.

“என்னத்தட்டி பண்ணித் தொலைச்ச?” என்றார் அண்ணாச்சி.

“நான் ஒண்ணும் பண்ணல அண்ணாச்சி. ஒரு மாசமாவே இப்படித்தான் இழுக்குது.”

“சாயங்காலத்துக்குள்ள அந்த மெயிலக் காட்டு. இல்லன்னா நாளைலேர்ந்து நீ வராண்டாம். வடகரைல எம் மச்சினன் மவ சும்மாத்தான் இருக்கா.”

இலஞ்சிப் பெண் ஒருத்தி வேலைக்கு வந்துதான் அவள் வீட்டில் உலை வைக்கிறார்கள். அவள் மறுபடியும் சென்ட் ஃபோல்டரை அமுக்கினாள்.

தென்காசியிலிருந்து மெக்கானிக்கை வரச்சொன்னார்கள். நரைத்த மீசைக்காரர். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டார். வைரஸைப் பிடிக்கிற புரோகிராமை நிறுத்திப் பார்த்தார். வருகிற மெயில் எல்லாம் நன்றாகத் திறந்தது, சென்ட் மட்டும்தான் முரண்டு பிடித்தது. அந்த ஃபோல்டர் எவ்வளவு கனம் என்று பார்த்தவர், எழுந்தே நின்றுவிட்டார்.

“அண்ணாச்சி, அருவி பூராவும் இதுக்குள்ளதான் விழுந்து கெடக்கு. ஒவ்வொரு மெயில்லயும் பத்துப் பத்து படம். அழிக்கணும். அழிச்சிட்டு காம்பாக்ட்னு ஒண்ணு கொடுக்கணும். கொடுக்கலன்னா அழிச்சதும் கண்ணுக்குத் தெரியாம உள்ளயே கெடந்து இடத்த அடைக்கும்.”

“அழிக்கவா? லட்சுமிவே அது!”

“அப்ப எனக்கு இங்கன வேலையில்ல. நான் பஸ்ஸப் பிடிக்கேன்.”

“படத்துல ஒண்ணும் குத்தமில்லவே. இவளுக்குக் கம்ப்யூட்டர் தெரியல. அதான்.”

துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தேன். அண்ணாச்சி முன்னால் நான் வாய் திறப்பதே இல்லை. அன்றைக்கு எப்படியோ வந்துவிட்டது.

“ஆனி மாசம் முதமுதல்ல தண்ணி விழுந்துச்சுல்லா, அன்னைக்குப் போன மெயிலத் தொறந்து பாருங்க. அதுலதான் படம் தெளிவா இருக்கும்.”

மெக்கானிக் தேதி பார்த்துத் திறந்தார். ஒரு டீ குடிக்கிற நேரம் ஆயிற்று. கட்டைவிரல். கட்டைவிரல். குரங்கு. மறுபடி கட்டைவிரல்.

“யாரு விரலு இது?” என்றார் அண்ணாச்சி.

“என் விரல்தான்” என்றேன்.

அடுத்த படத்தில் விரல் இல்லை. நல்ல வெள்ளைத் தண்ணீர். அதற்குக் கீழே உடம்பெல்லாம் எண்ணெய் மினுமினுக்க, சிவப்புக் கோவணத்தோடு, இரண்டு கையையும் மேலே தூக்கி, வாயைப் பிளந்துகொண்டு அண்ணாச்சி. அன்றைக்கு அவர் புளியறையில் ஒரு துட்டி வீட்டுக்கு, அதுதான் சாவு வீட்டுக்கு, போவதாக வீட்டிலும் ஆபீஸிலும் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

“துட்டி வீட்டுக்குப் போயிட்டு வந்தா குளிக்கணும்லா” என்றார் அண்ணாச்சி.

“காலைல ஏழு மணிக்கேவா?” என்றார் மெக்கானிக், படத்து மேலிருந்த நேரத்தைக் காட்டி.

“இது யாருக்கெல்லாம் போச்சு?”

இலஞ்சிப் பெண் தலையைக் குனிந்துகொண்டே சொன்னாள்: “அன்னைக்குக் கேட்ட அத்தன பேருக்கும் அண்ணாச்சி. நீங்க சொன்னபடிதான்.”

“நாளைக்கு வாற மதுரைக்காரங்களுக்குமா?”

“அவங்களுக்குத்தான் முதல்ல.”

“போனதைத் திரும்ப வாங்க முடியுமாவே?”

“முடியாது. இங்கன உள்ளதைத்தான் அழிக்கலாம்.”

“அப்ப அழியும்வே! படத்த ஒண்ணு விடாம அழியும். என்னமோ சொன்னீரே, அதையும் கொடும். ரெண்டு தடவ கொடும்!”

மெக்கானிக் படமில்லாத கடுதாசிகளை வருசவாரியாகத் தனித்தனி ஃபோல்டரில் எடுத்து வைத்தார். படமுள்ளதை எல்லாம் அழித்தார். காம்பாக்ட் கொடுத்தார். அது ஓடி முடிகிறவரை அண்ணாச்சி திரைக்கும் வாசலுக்கும் நடுவில் மறைத்துக்கொண்டே நின்றார். அதற்குப் பிறகு சென்ட் ஃபோல்டரைத் தொட்டதும் திறந்தது. மதுரைக் கடுதாசியும் உடனே வந்தது. இரண்டாம் மாடி.

அண்ணாச்சி அதை இரண்டு தடவை வாசித்தார். அந்தப் பெண்ணைப் பார்க்காமலே சொன்னார்: “நாளைக்கு வெள்ளன வந்துரு. கல்யாணக்காரங்க காலைலயே வந்துருவாங்க.”

அவள் வந்தாள். இன்றைக்கும் வருகிறாள். இப்போது நல்ல படமாக ஒன்றே ஒன்றைப் பொறுக்கி, சின்னதாக்கி அனுப்புகிறாள்.

அந்தப் படத்தை நான் எடுத்த அன்றைக்கே ஓரக்கண்ணால் பார்த்துவிட்டேன். கூச்சக்காரிக்கும் கண் இருக்கும்தானே. இரண்டு மாதமாக வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன்.

கல்யாணக் கூட்டம் மதுரையா விருதுநகரா என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது. மெக்கானிக் முதலில் வைரஸைப் பார்த்தாரா, ஃபோல்டரைப் பார்த்தாரா என்பதும் அப்படித்தான். யாராவது அந்த இலஞ்சிப் பெண்ணிடம் கேட்டுச் சரிபார்த்துத் திருத்திவிடுங்கள். அண்ணாச்சியிடம் மட்டும் கேட்க வேண்டாம்.